நாய்ப்புண்ணும் நாலு மருந்தும்

நாயின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்து, நடுவில் சிவந்து கசிகிற ஒரு புண். எப்போது வந்தது, எப்படி வந்தது, வீட்டில் யாருக்கும் தெரியாது. சேலம் பக்கத்துப் பனமரத்துப்பட்டியில் இப்படி ஒரு நாயை வாசலில் கட்டி வைத்துப் பாருங்கள். தெருவில் போகிற நாலு பேர் நின்று நாலு மருந்து சொல்லிவிட்டுப் போவார்கள். "மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழச்சுப் போடுங்க." "வண்டில எறக்குன ஆயில் இருந்தா தடவி உடுங்க, மூணே நாளு." "ஒண்ணும் வேண்டாமுங்க, நாயி நக்கியே ஆத்திக்கும்." நாலாமவர் படித்தவர், மெடிக்கலில் கிடைக்கும் ஒரு களிம்பின் பெயரைச் சொல்வார். நாலு பேரில் ஒருவர்கூடக் குனிந்து புண்ணைப் பார்த்திருக்க மாட்டார்.

மருந்து வேறு வேறாக இருந்தாலும் நாலு பேருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். புண் என்றால் புண்தான், அதன்மேல் பூச ஏதாவது வேண்டும், கைக்குக் கிடைத்தது போதும், நாய்க்குப் போய் டாக்டர் எதற்கு. சேலம், நாமக்கல் பக்கம் மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாடு முழுக்க நாய் வைத்திருக்கிற வீடுகளில் இதுதான் நடைமுறை. வீட்டில் வைத்தியம் பார்ப்பதோடு எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு உரசலுக்கும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பவர்கள் நாயே வளர்க்காதவர்களாகத்தான் இருப்பார்கள். என் சண்டை 'என்ன பூசலாம்' என்று தொடங்குவதோடு. காரணம் தெரியாத புண்ணில் எதைப் பூசினாலும் முதலில் மறைவது அந்தக் காரணம்தான்.

பனமரத்துப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் நகரத்துக்குக் குடிநீர் கொடுப்பதற்காகக் கட்டிய ஏரி இங்கே இருக்கிறது. பிற்காலத்தில் நீர்வரத்து குறைந்து ஏரிக்குள் சீமைக்கருவேலம் காடாக மண்டியது. அந்த மாதிரிப் புதருக்குள் முயலையும் கவுதாரியையும் துரத்தி ஓடுகிற நாய்க்கு முள் ஏறுவது அன்றாடம் நடப்பது. முள் தோலுக்குள் முறிந்து நின்றுவிட்டால் வெளியே தெரிவது ஒரு சின்னக் கசிவு மட்டும். ஊசிப்புல்லின் விதை இன்னும் பொல்லாதது. முனை கூராகவும் அதன்மேல் மயிர் பின்னோக்கியும் இருப்பதால் உள்ளே போகுமே தவிரத் திரும்பி வராது. கால்விரல் இடுக்கில் நுழைந்த விதை சதைக்குள் நகர்ந்து, வேறோர் இடத்தில் சீழாக உடைவதும் உண்டு. இரண்டுக்கும் உள்ளே கிடப்பதை வெளியே எடுப்பது ஒன்றே வைத்தியம். எடுக்காதவரை புண் ஆறுவதுபோல் மூடும், சில நாளில் மறுபடி உடையும், நீங்களும் மஞ்சளை மாற்றி வேப்பெண்ணெய், வேப்பெண்ணெயை மாற்றி ஆயில் என்று போய்க்கொண்டே இருப்பீர்கள்.

வேறொரு நாய் கடித்திருந்தால் கதை வேறு. கோரைப்பல் தோலைத் துளைக்கிறது. கடித்த நாய் தலையை உலுக்கும்போது தோல் சதையிலிருந்து பிரிந்துவிடுகிறது. வெளியே தெரிகிற பொத்தல் மிளகு அளவு, உள்ளே கிழிசல் உள்ளங்கை அளவு. வெளிவாய் ஓரிரு நாளில் மூடிக்கொள்ள, பல்லிலிருந்து இறங்கிய கிருமி உள்ளே பெருகிச் சீழ் கட்டுகிறது. அந்த மிளகளவு வாயை மஞ்சள் பற்று வைத்து அடைக்கிறவர், திருடனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறார்.

காலையில் இல்லாத புண் சாயங்காலத்துக்குள் உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது என்றால், பெரும்பாலும் அது நாயே கடித்துக் கடித்து உண்டாக்கியது. உண்ணி, தெள்ளுப்பூச்சி, காதுக்குள் நோவு, ஈரம் காயாத அடர்ந்த மயிர் என்று ஏதோ ஒன்று அரிப்பைக் கிளப்பியிருக்கும். புண்ணுக்கு வைத்தியம் பார்த்து உண்ணியை விட்டுவிட்டால், வாலடியில் ஆறி இடுப்பில் வரும். உண்ணிக்கு வேறு ஒரு முகமும் உண்டு: அது கடத்துகிற காய்ச்சல் இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அடிவயிற்றில் செம்புள்ளி, வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம், சின்னக் கீறலில்கூட நிற்காத கசிவு. அப்போது புண் ஒரு அடையாளம் மட்டுமே, நோய் இரத்தத்தில் இருக்கிறது.

சொறி என்று ஊர் சொல்வதிலும் இரண்டு பூச்சிகள் இருக்கின்றன, இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. ஒன்று காதோரத்திலும் முழங்கை மூட்டிலும் தொடங்கி நாயைத் தூங்கவிடாமல் சொறிய வைக்கும்; வீட்டில் நாயைக் கட்டிக்கொண்டு தூங்கும் பிள்ளைக்கும் அரிப்பு வரும். மற்றது குட்டிகளுக்குக் கண்ணையும் வாயையும் சுற்றி மயிரை உதிர்க்கும். யாருக்கும் ஒட்டாது, ஆரம்பத்தில் அரிப்பும் பெரிதாக இருக்காது. தோலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் எது என்று டாக்டர் சொல்லிவிடுவார். படர்தாமரையும் கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் வரும், அதற்குக் காரணம் பூஞ்சை.

அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நாயின் பிறப்புறுப்பில் இரத்தம் கசிகிற, பூக்கோசு மாதிரிச் சதை வளர்ந்த புண்ணைப் பார்த்திருப்பீர்கள். வெட்கப்பட்டோ அருவருத்தோ தண்ணீரை ஊற்றிக் கழுவி, மஞ்சளைத் தூவி மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அது இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு உயிரணுவாகவே ஒட்டிக்கொள்ளும் கட்டி. உலகத்தில் தொற்றிப் பரவுகிற புற்று மிக அரிது, அதில் ஒன்று நம் தெருவில் நடமாடுகிறது. வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் ஊசி, சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்களுக்கு முழுவதும் கரைந்துவிடும். புற்றுநோய்களில் இவ்வளவு எளிதாகக் குணமாவது வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் தூவிக்கொண்டிருக்கும் வீட்டில் அதுவும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

கழுத்துப் பட்டை இறுகிச் சதைக்குள் புதைந்தது, வேலிக்கம்பி கிழித்தது, யாரோ வீசிய வெந்நீரில் வெந்து சில நாள் கழித்துத் தோல் உரிந்தது, கிழட்டு நாயின் கட்டி உடைந்தது என்று பட்டியல் இன்னும் நீளும். வாசலில் நின்று பார்க்கிறவருக்கு அத்தனையும் ஒரே சிவப்பு, ஒரே கசிவு.

வேடிக்கை என்னவென்றால், இந்த வட்டாரத்துக்காரர்களுக்குக் காரணம் தேடத் தெரியாமல் இல்லை. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் பண்ணையில் நாலு கோழி அடுத்தடுத்துச் செத்தால், செத்ததை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய் அறுத்துப் பார்க்கச் சொல்கிறார். செத்த கோழிக்குக் கிடைக்கிற மரியாதை, அதே பண்ணைக்குக் காவல் கிடக்கும் உயிருள்ள நாய்க்குக் கிடைப்பதில்லை.

இனி நாலு மருந்துக்கும் வருவோம். எல்லாவற்றிலும் பழையது நக்கி ஆற்றும் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை என்பதுதான் சிக்கல். கலிபோர்னியாவில் ஹார்ட், பவல் என்ற இருவர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் நாயின் எச்சில் சில கிருமிகளைக் கொல்வதைக் கண்டார்கள். ஈ.கோலை, நாயிடம் காணப்படும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், இவை இரண்டும் எச்சிலுக்குப் பணிந்தன. ஸ்டபைலோகாக்கஸ் பெரிதாக அசையவில்லை. நாயின் தோல்புண்ணில் சீழ் வைப்பதில் முதலிடம் இந்த ஸ்டபைலோகாக்கஸ் குடும்பத்துக்குத்தான். அதாவது எச்சில் என்கிற மருந்து, எந்த எதிரிக்காக அதை நம்புகிறோமோ அந்த எதிரியிடம்தான் தோற்கிறது. போதாததற்கு நாயின் நாக்கு சொரசொரப்பானது. புதிதாகப் படர்ந்த மெல்லிய தோலை ஒவ்வொரு நக்கலும் வழித்தெடுக்கிறது. முன்னங்கால் மணிக்கட்டில் மாதக்கணக்காக நக்கியே தடித்து, காய்ப்புக் காய்த்துப்போன புண்களைக் கால்நடை மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நக்குவதால் ஆறுவதென்றால் அந்தக் கால்கள்தான் முதலில் ஆறியிருக்க வேண்டும்.

அடுத்தது மஞ்சள். மஞ்சளைப் பற்றி ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்ல ஒரு துணிவு வேண்டும். "அமெரிக்காக்காரனே மஞ்சளுக்குப் பேட்டன்ட் வாங்கினானே" என்று உடனே கேட்பார்கள். வாங்கினார்கள். 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறைக்காகக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. ரத்தானதற்குக் காரணம் என்ன? இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, இந்தியாவில் நெடுங்காலமாகத் தெரிந்தது என்று பழைய நூல்களைக் காட்டியதுதான். மஞ்சள் எந்தப் புண்ணை, எவ்வளவில், எத்தனை நாளில் ஆற்றும் என்று அந்த வழக்கில் யாரும் தீர்ப்பெழுதவில்லை. உரிமை நம்முடையது என்று நிரூபித்ததை, மருந்து எல்லாப் புண்ணுக்கும் என்று நிரூபித்ததாக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

மஞ்சளில் கிருமியை அடக்கும் குணம் இருக்கிறது, மறுக்கவில்லை. நாயின் முதுகில் நாம் போடுவதோ சமையலறை டப்பாவில் ஈரக்கரண்டி பட்டுக் கிடந்த தூள். கசிகிற புண்ணில் அது பொருக்குத் தட்டி அப்பிக்கொள்கிறது. பொருக்குக்குக் கீழே காற்று இல்லை, ஈரம் இருக்கிறது, சீழுக்கு வேறென்ன வேண்டும்? இன்னொரு தொல்லை நிறம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா, ஓரம் கருக்கிறதா, சீழ் பச்சையா வெள்ளையா என்பதை வைத்துத்தான் நோய் முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்று தெரியும். மஞ்சள் பூசிய இடத்தில் எல்லாம் மஞ்சள்.

இங்கே என் எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியைக் கூப்பிட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே தஞ்சாவூரில் மூலிகை ஆராய்ச்சி நடத்தி, மாட்டுக்குக் கைமருந்து சொல்லித் தருகிறது. பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் பெயர் பால் மாடு வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தேசியப் பால்வள வாரியமும் அந்த முறைகளை நாடெங்கும் கொண்டுபோனது. கோமாரியில் வரும் கால்புண்ணுக்குக் குப்பைமேனி, பூண்டு, வேப்பிலை, மருதாணி, துளசி, மஞ்சள் எல்லாவற்றையும் எண்ணெயில் காய்ச்சிப் போடச் சொல்கிறார்கள். புழு வைத்திருந்தால் முதலில் சீத்தா இலைப் பற்றோ கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயோ. "பல்கலைக்கழகமே சொல்லுது, நீ என்ன பெருசா" என்று கேட்டால் கேள்வி நியாயம்தான்.

அந்தக் குறிப்பை மறுபடி படித்துப் பாருங்கள். அது 'கோமாரியில் வரும் கால்புண்' என்று தொடங்குகிறது. நோய் என்னவென்று முதலில் தெரிந்தாயிற்று, அதன்பிறகுதான் அம்மிக்கு வேலை. நாம் அம்மியை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் வரியை விட்டுவிட்டோம். அடுத்து, அது மாட்டுக்கான குறிப்பு. பூண்டு நாயின் வயிற்றுக்குள் போதிய அளவு போனால் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். நாய்க்குப் பூசுவதெல்லாம் நாய்க்கு ஊட்டுவதே. கழுத்துக்குக் கீழே பெரும்பாலான இடங்களுக்கு நாக்கு எட்டும். மாட்டுக்கு நல்லதென்று நாய்க்கும் பூசுகிறவர், ஆட்டுக்குக் கொடுத்த குடற்புழு மருந்தைப் பிள்ளைக்கும் கொடுப்பாரா?

பனமரத்துப்பட்டிக்காரர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேறு உதாரணமே வேண்டியதில்லை, காட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஏக்கர் ஏக்கராக அரளி. விடிகிற நேரத்தில் மொட்டுப் பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். அரளியில் ஆடு வாய் வைத்தால் என்ன ஆகும் என்று இங்கே ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இலை, பூ, பட்டை என்று செடி முழுக்க இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. சொறிசிரங்குக்கு அரளியை எண்ணெயில் காய்ச்சித் தடவும் முறை சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் உண்டு. மனிதன் தன் தோளை நக்க மாட்டான் என்பதை வைத்து எழுதிய முறை அது. அதையே நாயின் விலாவில் தடவினால், சொறி போகுமுன் நாய் போய்விடும். சீத்தா விதைப் பொடியும் அப்படித்தான். பேனுக்குத் தலையில் தேய்த்து, கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகி வந்தவர்களைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தலையைச் சிலுப்புகிற நாயின் காதோரத்தில் அதைப் பூசினால் அது எங்கே தெறிக்கும்?

வண்டி ஆயிலைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மேல்தோலில் இருக்கிற சில பூச்சி எண்ணெயில் மூச்சடைத்துச் சாகலாம், அதனால்தான் 'மூணே நாளு' என்ற புகழ் வந்தது. எஞ்சினில் கொதித்துக் கரியும் உலோகத் துகளும் சேர்ந்த கழிவு அது. தோல் வழியே கொஞ்சமும் நாக்கு வழியே மிச்சமும் உள்ளே போகிறது. கறுப்புப் பினாயில் தோலைச் சுட்டுப் பொசுக்கும். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் அதே ரகம். சொறிக்கும் உண்ணிக்கும் சேர்த்தே வேலை செய்கிற, நாயின் எடை பார்த்துக் கொடுக்கிற மாத்திரைகள் வந்துவிட்ட காலத்தில் மெக்கானிக் கடையில் போய் நிற்பதற்கு மரபு என்று பெயர் வைக்க முடியாது. நம் தாத்தா காலத்தில் எஞ்சின் ஆயில் ஏது?

ஆயில்காரரைப் பார்த்துச் சிரிக்கிற நாலாமவரை விட்டுவிடக் கூடாது. அவர் சொல்கிற களிம்பில் பெரும்பாலும் மூன்று சரக்கு இருக்கும்: ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சைக்கொல்லி, கூடவே ஸ்டீராய்டு. மூன்றில் ஏதாவது ஒன்று கேட்கும் என்கிற கணக்கு. இந்த ஸ்டீராய்டு இரண்டே நாளில் சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும், பூசினவருக்குப் பெருமையாக இருக்கும். படர்தாமரையாக இருந்தால் அதே ஸ்டீராய்டு அடியில் பூஞ்சைக்கு உரம் போடுகிறது. குட்டியின் கண்ணைச் சுற்றிய சொறியாக இருந்தால், உடம்பின் எதிர்ப்பைத் தணித்து முகத்திலிருந்து உடம்பெல்லாம் பரப்புகிறது. குழந்தைகளுக்குப் போடுகிற சிங்க் ஆக்சைடு களிம்பை நாய் நக்கினால் துத்தநாகம் இரத்தத்தைக் கெடுக்கும். வலிக்கிறதே என்று ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரையை இட்லிக்குள் மறைத்துக் கொடுக்கிற அன்புள்ளங்களும் உண்டு. நாயின் இரைப்பையில் ஓட்டை விழவும் சிறுநீரகம் நிற்கவும் அந்த அன்பு போதும். ஆயில் பூசுகிறவருக்கும் இவருக்கும் வித்தியாசம் டப்பாவின் அழகில் மட்டும்தான்.

இதுவரை சொன்னது நாயின் உயிரைப் பற்றி. நம் உயிரைப் பற்றி இன்னும் பேசவில்லை.

எப்படி வந்தது என்று தெரியாத காயம், வேறொரு விலங்கு கடித்ததாக இருக்கலாம். ராத்திரி அவிழ்த்துவிட்ட நாய் காலையில் தோளில் இரண்டு பொத்தலோடு வந்து நிற்கிறது. கடித்தது தெருநாயா, ஜருகுமலை அடிவாரத்து நரியா, கீரியா, யார் கண்டது? அதற்கு வெறி பிடித்திருந்ததா என்பதும் தெரியாது. கடித்த விலங்கின் எச்சில் இன்னும் மயிரில் ஈரமாக இருக்கும்போது, கையில் வெட்டும் கீறலுமாக உள்ளவர் வெறும் விரலால் மஞ்சளைக் குழைத்து அந்தப் பொத்தலில் அழுத்துகிறார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்.

'ஆறிடுச்சே' என்ற வாதம் முழுசாக உடைகிற இடம் இது. நாய்க்கு ரேபிஸ் கிருமி ஏறி நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். கடிகாயம் அதற்குள் ஆறி, மயிரும் முளைத்துவிடும். மஞ்சள் ஜெயித்துவிட்டது என்று வீடே நம்பும். ஒரு நாள் நாய் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்க்கும், குரல் மாறும், சோறு வைக்கிற கையைக் கடிக்கும். அப்போது பழைய காயத்தை நினைத்துப் பார்க்கிறவர் யாரும் இல்லை. நோய் தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி வந்துவிடுகிறது, அந்த நாட்களில் அது பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்திருக்கும். புண் ஆறியது என்பது கடித்தது யார் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

பயமுறுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2022–23இல் வீடு வீடாக எடுத்த ஆய்வின்படி இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 91 லட்சம் பேரை விலங்குகள் கடிக்கின்றன. நாலில் மூன்று நாய்க்கடி. ரேபிஸால் சாகிறவர்கள் ஆண்டுக்கு சுமார் 5,700 பேர். நோய் வந்தபின் பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஒரு காலத்தில் தெற்கே நாய் கடித்தவர்கள் ஊசிக்காக இமயமலைப் பக்கத்துக் கசௌலிக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தபிறகுதான் அந்த ஓட்டம் நின்றது. நமக்கோ ஊசி ஆரம்ப சுகாதார நிலையம்வரை வந்துவிட்டது. வராதது, நாயின் உடம்பில் இருக்கும் பொத்தலைப் பார்த்ததும் ஊசியை நினைக்கிற புத்தி.

கடியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது கடினமும் இல்லை. கையுறை, அது இல்லையென்றால் கையில் பிளாஸ்டிக் கவர். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. ரேபிஸ் கிருமிக்குக் கொழுப்பு உறை. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும், மஞ்சளால் ஆகாதது ஐந்து ரூபாய் சோப்பால் ஆகும். அப்புறம் நாயோடு கால்நடை மருந்தகத்துக்கு. முன்பு தடுப்பூசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டும். கடிபட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 14, 28 ஆம் நாட்களில் போடுவது இங்கே வழக்கம். உங்கள் கையில் கீறல் இருந்து எச்சில் பட்டிருந்தால் உங்களுக்கும் ஊசி உண்டு.

சரி, மறுதரப்பு ஓயாது. "எங்க காலத்துல எந்த நாயி டாக்டரப் பாத்துது? எல்லாம் நல்லாத்தான் இருந்துது." எல்லாம் நன்றாக இருக்கவில்லை. நன்றாக இருந்த நாயை நினைவு வைத்திருக்கிறோம், காட்டோரம் போய்ப் படுத்துச் செத்த நாயை 'எங்கியோ போயிருச்சு' என்று சொல்லி மறந்துவிட்டோம். செத்த நாய் சாட்சி சொல்ல வராது. நாட்டு நாய் தாங்கும் என்பதும் இதே வகை. நாட்டு நாய் வலியைக் காட்டாது. தாங்குகிறது என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

காசு, தூரம் என்ற வாதத்தை மட்டும் நான் லேசில் தள்ள மாட்டேன். அரளி பறிக்கப் போகிறவருக்கு நாயோடு ஒரு நாள் அலைந்தால் அந்த நாள் கூலி போச்சு. சேலத்தில் தனியார் கிளினிக்குக்கு ஆட்டோ வைத்துப் போனால், ஆட்டோக்காரர் முதலில் நாயைப் பார்த்துவிட்டுத்தான் வாடகை சொல்வார். ஊர்ப்புற மருந்தகங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பிறகுதான் நாயின் முறை. 1962க்குப் போன் போட்டால் வருகிற நடமாடும் வண்டியும் பெரும்பாலும் ஆடுமாட்டை நினைத்து ஓடுவதுதான். இந்தக் குறையை அரசாங்கத்திடம் சொல்லிச் சண்டை போட வேண்டும், அதில் நானும் வருகிறேன். ஒரு பக்கம் 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, மறுபக்கம் தலைவாசலில் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம். நடுவில் இருக்கிற ஊர்களில் நாய்க்கு இன்னும் வண்டி ஆயில்தான் என்றால் கோபம் வரத்தான் வேண்டும். ஆனால் தூரமாக இருக்கிறது என்பது சும்மா இருப்பதற்குக் காரணமாகலாம், அரளி எண்ணெய் பூசுவதற்கு ஆகாது. பூசிக் கெடுப்பதைவிடச் சும்மா இருப்பது எவ்வளவோ மேல்.

சும்மாவும் இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு நிறைய வேலை இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை. நாய்க்கு வாயைத் துணியால் கட்டி, புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மயிரைக் கத்தரியுங்கள். தோலுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் சீப்பை வைத்தால் தோல் வெட்டுப்படாது. மயிர் போனபிறகுதான் எத்தனை பொத்தல், எங்கே உண்ணி, எங்கே முள் என்று தெரியும். பாதிப் புண்கள் இந்த இடத்தில் தங்கள் காரணத்தைத் தாமே சொல்லிவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, அதாவது 9 கிராம் அளவு, கலந்து ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். மருந்து வேண்டும் என்று கை அரித்தால் போவிடோன் அயோடினை நூறு மில்லி தண்ணீருக்கு ஒன்றிரண்டு மில்லி என்று நீர்க்க வைத்து ஊற்றுங்கள். கெட்டியாக ஊற்றினால் ஆறுகிற சதையும் சாகும். பழைய பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டி, ஓரத்தைப் பட்டையோடு கட்டிவிட்டால் நாக்கு எட்டாது. இரண்டு நாள் நாய் உங்களை முறைக்கும், முறைக்கட்டும். புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று உங்கள் நினைவைவிட அந்தப் படம் சரியாகச் சொல்லும்.

இரண்டு நாளில் காய்ந்து சுருங்கினால் சரி. பொத்தல் காயம், நாற்றம், சாப்பிட மறுப்பது, வெளுத்த ஈறு, கண்ணோரம், பிறப்புறுப்பு என்றால் அந்த இரண்டு நாளும் கிடையாது. புழு என்றால் இரண்டு மணி நேரமும் கிடையாது. ஈ முட்டையிட்ட ஒரே நாளில் புழு வெளிவந்து சதைக்குள் தலையைக் கொடுத்துத் துளைக்கத் தொடங்கிவிடும். காதுப் பக்கம் புழு வைத்த நாயை மூன்று நாள் கழித்துக் கொண்டுபோனால் டாக்டர் இடுக்கியால் எடுத்துக்கொண்டே இருப்பார்.

போகும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆயில் பூசியது தெரிந்தால் டாக்டர் திட்டுவார் என்று மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, குளிப்பாட்டி, ஒன்றுமே போடவில்லை என்று சாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாய் வாயில் நுரை தள்ளுவது புண்ணாலா, பூசியதாலா, துடைத்ததாலா என்று அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? திட்டினால் திட்டட்டும். என்ன பூசினீர்கள், எத்தனை நாளாக, நாய் அதை நக்கியதா என்று சொல்லி, பூசிய டப்பாவையும் மீந்த விழுதையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பூண்டா பினாயிலா அரளியா என்பதைப் பொறுத்து அவர் போடுகிற ஊசி மாறும்.